முப்பத்தாறு வருஷத்து மாத்திரை

பத்து மணிக்கு ஏத்தின பாட்டில், பதினொண்ணேகாலுக்குள்ள எறங்கிரும்னு நர்ஸ் பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்கு. அஞ்சாவது பாட்டில். கடைசிப் பாட்டில். இது முடிஞ்சதும் டாக்டர் ஹெப்சிபா வந்து என் தங்கச்சி பகவதிகிட்ட தெனமும் கேக்கிற அதே மூணு கேள்வியைக் கேப்பா. இது என்ன ஊரு, இது என்ன மாசம், இந்தா நிக்கிறாங்களே இவங்க யாரு. நாலு நாளா ஊருக்கும் பதில் இல்லை, மாசத்துக்கும் பதில் இல்லை. என்னைக் காட்டினா மட்டும் 'டீச்சர்'ங்கா. அடி கூறுகெட்டவளே, டீச்சர் நீதானட்டி. முப்பத்தோரு வருஷம் பொம்பளப் பிள்ளைகளுக்கு ஜியாகரபி நடத்தினவ நீ, எஸ்.எஸ்.எல்.சி.யில கோட்டை விட்டுட்டு அடுப்படிக்குப் போனவ நான். ஆவுடை, உன் அக்கா ஆவுடை. இன்னைக்கும் இவ டீச்சர்னே சொல்லிட்டான்னா, இவ வீட்டுக்காரர் நயினார் சட்டைப் பையில மடிச்சு வச்சிருக்கிற பாரத்தில கையெழுத்தைப் போட்டுருவாரு. திங்கக்கிழமை நாகர்கோவில் போற ரோட்டுல இருக்கிற ஹோம்ல கொண்டு விட்டுருவாரு. அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. அறுபத்தாறு வயசு, நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வச்ச மனுஷன், நாலு படி ஏறினா நின்னு மூச்சு வாங்குதாரு. இவ விழுந்தா தூக்க முடியலை, ஓடினா பிடிக்க முடியலை. நானாவது பாப்பேன்னா என் முட்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு. சொட்டு விழுதான்னு பாக்கேன், விழுது. நெத்தியில கை வச்சுப் பாக்கேன், சூடு இல்லை. வாயைப் பாதி தொறந்துக்கிட்டு உறங்குதா. சின்னப் பிள்ளையிலயும் இப்படித்தான் உறங்குவா, நான் ஒரு வெரலால மோவாயைத் தூக்கி மூடி விடுவேன். இப்பவும் மூடி விட்டேன். திரும்பத் தொறந்துக்கிட்டு.

சொல்லியிருக்கக் கூடாதோ. அஞ்சு நாளா இதேதான். சொல்லியிருக்கக் கூடாதோன்னு ஒரு பக்கம், அஞ்சு மாசம் முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கணும்னு இன்னொரு பக்கம். சவத்தைத் தள்ளு, வேற எதையாவது நெனைப்போம்னு ஸ்டேஷன் பேரைச் சொல்லிப் பாக்கேன். இவ சொல்லிக் கொடுத்ததுதான். எங்க அப்பா ரயில்வேயில பார்சல் கிளார்க்கு, ஜங்ஷனுக்குப் பின்னால குவாட்டர்ஸ்ல இருந்தோம், விடிஞ்சா அடைஞ்சா ரயில் சத்தம்தான். மத்த வீட்டுப் பிள்ளைக பாட்டுப் புஸ்தகம் படிக்கும், இவ அப்பாவோட ரயில்வே டைம்டேபிளை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. தரையில கரித்துண்டால கோடு போட்டு, புள்ளி வச்சு, இந்தப் புள்ளி மணியாச்சி, இந்தப் புள்ளி கடம்பூர்னு எனக்குப் பாடம் எடுப்பா. அவளுக்கு அப்ப ஏழு வயசு, எனக்குப் பன்னெண்டு. அம்மா கரியைத் துடைச்சுத் துடைச்சு கை சலிச்சுப் போயி, 'ஏட்டி, இந்தியாவை எங்க வேணாலும் போடு, அடுப்படியில மட்டும் போடாத'ம்பா. சீசனுக்குக் குத்தாலம் போவோம், அப்பாவுக்குப் பாஸ் உண்டு. ஜன்னலோரம் எனக்குத்தான்னு நான் உக்காந்தா, என் மடி மேல ஏறி உக்காந்துக்கிட்டு, போர்டு கண்ணுல படுறதுக்கு முன்னால ஊர்ப் பேரைச் சொல்லிருவா. திருநெல்வேலி டவுன், பேட்டை, சேரன்மாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழாம்பூர், ஆழ்வார்குறிச்சி, அதுக்கடுத்து... அதுக்கடுத்து கீழக்கடையம். இல்லை, நடுவுல ஒண்ணு இருக்கு. சின்ன ஸ்டேஷன். ஆழ்வார்குறிச்சி, அப்புறம்... இருக்கு, நாக்கு நுனியில நிக்கி, வர மாட்டேங்கு. ஐயோ, எனக்கும் வந்துட்டா? இவளுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சது. ஒரு தாய் வயித்துப் பிள்ளைகதான. போ, வயசானா மறக்கத்தான் செய்யும். மலை தெரிய ஆரம்பிக்கிற எடம் அது. காத்துல சாரல் வாடை வரும், இவ என் மடியில துள்ளுவா, என் தொடை வலிக்கும். அந்த வலிக்கு இன்னைக்கு என்ன வேணாலும் கொடுப்பேன்.

அவளுக்கு இருபத்திநாலு வயசு இருக்கையில கழுத்துக்கு முன்னால லேசா ஒரு புடைப்பு. எலுமிச்சம்பழத்தைப் பாதியா நறுக்கி உள்ள வச்ச மாதிரி. உடம்பு ஊதுச்சு, முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு, எந்நேரமும் உறக்கம். பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் பாத்துட்டு, இது தைராய்டும்மா, ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும், சாப்பிட்டா ஒண்ணும் செய்யாதுன்னுட்டாரு. அம்மாவுக்கு 'ஒண்ணும் செய்யாது' காதுல விழலை, 'ஆயுசுக்கும் மாத்திரை' மட்டும்தான் விழுந்தது. நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. எவன் கட்டுவான், பிள்ளை பெறுமான்னு கேக்க மாட்டானான்னு ஒரே ஒப்பாரி. அவ பயந்ததும் சும்மா இல்லை, வந்த ரெண்டு எடம் தட்டிப் போச்சு. ஒருத்தன் தாயாரு, 'கழுத்துல என்ன அது?'ன்னு கேட்டுட்டு, கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனா. மூணாவதா வந்ததுதான் நயினார் வீடு. அம்மா பக்கத்து குவாட்டர்ஸ்ல கழுத்தை ஒட்டிப் போடுற அகல அட்டிகை ஒண்ணு எரவல் வாங்கி இவளுக்கு மாட்டி விட்டா. அது போதாதுன்னு, 'தலையைக் குனிஞ்சே இரு, மோவாய் நெஞ்சுல முட்டணும், நிமிந்த... கொன்னுபோடுவேன்'னு சொல்லி அனுப்பினா. எவனுக்கும் குனியாத கழுத்து அது. காபித் தட்டோட குனிஞ்சு போயி, குனிஞ்சு நமஸ்காரம் பண்ணி, குனிஞ்சே உள்ள வந்தா. நயினாரோட அம்மா, 'இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமான பொண்ணா'ன்னு மாஞ்சு மாஞ்சு மெச்சினா. நான் அடுப்படியில சேலை முந்தியை வாயில திணிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். இவ உள்ள வந்து, 'மாப்பிள்ளை மூஞ்சி எப்படிக்கா இருக்கு? நான் அவரு கால் வெரலை மட்டும்தான் பாத்தேன், வெரல் நல்லாத்தான் இருக்கு'ன்னா. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மருதாணி வச்ச கையோட என்னைக் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி, என் கையை எடுத்துத் தன் தலை மேல வச்சா. அவுக வீட்டுல ஒருத்தருக்கும், முக்கியமா அவுகளுக்கு, செத்தாலும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. செத்தாலும் சொல்ல மாட்டேண்டி. நீ செத்தாலுமா, நான் செத்தாலுமா? அடிப்பாவி, ரெண்டு பேரும் செத்தாலும் சொல்ல மாட்டேன். விளையாட்டாத்தான் சொன்னேன். மருதாணி என் கையிலயும் ஒட்டிக்கிட்டு.

அன்னையிலயிருந்து மாத்திரை வாங்குற சோலி என்னுது. நூறு மாத்திரை பாட்டில், என் பேருலதான் வாங்குவேன். மருந்துக்கடைக்காரன் எனக்குத்தான் தைராய்டுன்னு நெனைச்சு, 'முட்டைக்கோஸ் சாப்பிடாதீங்கம்மா'ம்பான், நானும் ஆமாப்பா ஆமாப்பான்னு தலையை ஆட்டிட்டு வருவேன். அவ அதை உளுந்தம்பருப்பு டப்பாவுக்குள்ள புதைச்சு வச்சுக்கிடுவா. காலையில எந்திரிச்சதும் அடுப்படிக்குப் போயி வெறும் வயித்துல ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாக்கணும், டாக்டர்ட்ட காட்டணும். அதுக்கு நாங்க வச்ச பேரு 'கோவிலுக்குப் போறது'. 'அக்காவும் நானும் கோவிலுக்குப் போயிட்டு வாரோம்'னு நயினார்கிட்ட சொல்லுவா, அந்த மனுஷன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டர்ல கொண்டு விட்டுட்டு, 'எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோங்க மைனி'ம்பாரு. பஸ்ஸுல ஏறி ரெண்டாவது ஸ்டாப்புல எறங்கி லேபுக்கு வருவோம். ரத்தம் கொடுத்த கையோட ஓட்டல்ல பூரிக் கிழங்கு. வீட்டுக்குப் போகையில பிரசாதம் வேணும்ல? லேபுக்கு எதுத்தாப்புல பெட்டிக்கடையில ஒரு விபூதிப் பொட்டலம் வாங்கிக்கிடுவோம். நயினார் அதைக் கண்ணுல ஒத்தி நெத்தி நெறையப் பூசுவாரு. 'சாமி குத்தம் ஆயிராதாட்டி?'ன்னு கேட்டா, 'சாமிக்கு ஜியாகரபி தெரியும்க்கா, நாம எங்க போனோம்னு அதுக்குத் தெரியும்'பா. உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அந்த ரகசியம் பிடிச்சிருந்தது. எங்க வீட்டுக்காரர் போன பெறகு, இந்த ஊருல என்னை நம்பி ஒரு காரியம் நடக்குதுன்னா அது இது ஒண்ணுதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாட்டிலை மடியில கட்டிக்கிட்டு பெருமாள்புரத்துல அவ வீட்டுக்கு பஸ் ஏறுவேன், ரெண்டு பேரும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டுக் குசுகுசுன்னு பேசுவோம். பிள்ளை இல்லைன்னு மாமியா அவளைக் குத்திக் காட்டின காலத்துல, 'இதுவும் தெரிஞ்சா சீக்குக்காரின்னு வெளிய தள்ளிருவாக்கா'ன்னு அழுவா, நான்தான் கண்ணைத் துடைச்சு விடுவேன். அவளுக்கு அது பயம். எனக்கு அது சொத்து மாதிரி. இதைப் போயி யாருகிட்ட சொல்ல?

போன ஆவணியில 'கோவிலுக்கு'ப் போயிட்டுத் திரும்பி வரையில, வண்ணாரப்பேட்டையில திடீர்னு எறங்கி நின்னுக்கிட்டு, 'அக்கா, நாம எந்த ஊருக்கு வந்திருக்கோம்?'னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். குசும்பு பிடிச்சவதானன்னு நெனைச்சேன். அதுக்கப்புறம் கை வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தது, கையில இருக்கிற டம்ளர் தூரப் போயி விழும். எதுத்த வீட்டுக்காரி தண்ணித் தொட்டியில என்னமோ கலந்துட்டான்னு சண்டைக்குப் போனா. ஒரு நாள் காலையில ரெண்டு மணி நேரம் பேச்சே இல்லை, வாய் அசையுது, சத்தம் வரலை. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி, 'என்ன எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?'ன்னா. மார்கழியில ஜன்னி மாதிரி வெட்டி வெட்டி இழுத்து நாக்கைக் கடிச்சுட்டா. தெருவுல ஒருத்தர் விடாம, டீச்சருக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு பேசிட்டாவ. மொத ஆஸ்பத்திரியில மனசு நோய்னாவ. ரெண்டாவதுல மறதி நோய்னாவ. மதுரைக்குக் கொண்டு போனோம், அங்க தலையை ஸ்கேன் எடுத்து, முதுகுல தண்ணி எடுத்து, இது வேகமாப் போற சாதி, ஆறு மாசம் தாங்கினா பெரிசுன்னு நயினாரைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாவ. எல்லா எடத்துலயும் கேட்டாவ, 'வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறாங்களா?'ன்னு. நயினார் 'ஒண்ணுமில்லை'ம்பாரு. நான் பின்னாலதான் நிப்பேன். அவரைத்தான கேக்காவ, என்னையா கேக்காவன்னு வாயை மூடிக்கிட்டு நிப்பேன். தைராய்டு டெஸ்டு ரெண்டு எடத்துல எடுத்தாவ. ரெண்டு தடவையும் நார்மல். அப்பாடான்னு இருந்தது, பாத்துக்கோங்க. அப்பாடான்னு! ஏன் நார்மல்? அவ மறந்தாலும் நான் மறக்கலையே. காலையில மொத பஸ்ஸுல போயி, நயினார் குளிக்கிற நேரம் பாத்து, அவ வாயில மாத்திரையைப் போட்டுத் தண்ணி ஊத்திட்டுத்தான் வருவேன். அஞ்சு மாசமும், ஒரு நாள் தப்பலை. ரவணசமுத்திரம். ஆங், ரவணசமுத்திரம். ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கீழக்கடையம். வந்துட்டு. எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருந்து என்ன செய்ய?

மதுரையிலயிருந்து திரும்பி, அஞ்சாறு நாளைக்கு முன்னாலதான் இந்தப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில சேத்தோம். இந்த ஹெப்சிபா, பாத்தா காலேஜ் பிள்ளை மாதிரி இருக்கா. குட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு. அன்னைக்கு வந்தவ பைலைத் தொடலை. 'பைல் எங்க ஓடிரப் போகுது?'ன்னுட்டு, பகவதியை எழுப்பி உக்கார வச்சு, பின்னால போயி நின்னு, ரெண்டு கையையும் கழுத்துல வச்சா. 'டீச்சர், ஒரு மடக்குத் தண்ணி முழுங்குங்க'ன்னா. நயினார்தான் டம்ளரைப் பிடிச்சாரு. 'இன்னொரு மடக்கு.' வெரல் அந்த எடத்துல நின்னுட்டு. 'தைராய்டு உண்டா?' 'இல்லை டாக்டர், ரெண்டு எடத்துல டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்'னாரு நயினார். அவ கையை எடுக்கலை. 'டெஸ்ட் நார்மல்தான். ஆனா கைக்கு வேற என்னமோ தட்டுப்படுதே சார்.' அவரு மறுபடியும் இல்லைன்னு தலையை ஆட்டினாரு. என் வாய் என்னைக் கேக்காமத் தொறந்துட்டு. 'உண்டு. முப்பத்தாறு வருஷமா உண்டு. இன்னைக்குக் காலையில கூட மாத்திரை கொடுத்தேன்.' நயினார் என்னைப் பாக்கலை. டம்ளரைப் பைய மேசையில வச்சுட்டு, வெளிய வராந்தாவுக்குப் போயிட்டாரு. ஹெப்சிபா என்னை உக்கார வச்சு எல்லாத்தையும் கேட்டா. திட்டலை. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். வேற ஒரு ரத்த டெஸ்ட் எழுதினா. முப்பத்தஞ்சுக்குள்ள இருக்க வேண்டியது ஆயிரத்து முந்நூறுக்கு மேல வந்தது. 'உடம்புக்குக் காவல் இருக்கிறதே ஆளு தெரியாம சொந்த வீட்டுக்காரனைப் போட்டு அடிக்குதும்மா. முதல்ல தைராய்டை அடிச்சது, இப்ப மூளை மேல திரும்பியிருக்கோன்னு சந்தேகப்படுதேன். ஹாஷிமோட்டோ என்செபலோபதின்னு பேரு. ரொம்ப அபூர்வம். இதுதான்னு அடிச்சுச் சொல்ல ஒத்தை டெஸ்ட் கிடையாது. மத்ததெல்லாம் இல்லைன்னு தள்ளிட்டு, ஸ்டீராய்டு கொடுத்துப் பாக்கணும். மருந்துக்குக் கேட்டா இதுதான்.' கேக்கலைன்னா? அவ சீட்டை எடுத்து அஞ்சு பாட்டில் எழுதினா. ஜப்பான்காரப் பேராம். பகவதி மட்டும் நல்லா இருந்தான்னா உடனே பேப்பரை எடுத்து ஜப்பானைப் போட்டுருப்பா, நாலு பெரிய தீவு, எண்ணிக்கோக்கான்னு. 'நான் கொடுத்த மாத்திரையாலயா?'ன்னு கேட்டேன். 'மாத்திரையால இல்லம்மா, அது நல்லதுதான். ஆனா தைராய்டு உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல் ஆஸ்பத்திரியிலயே இந்த டெஸ்டை எடுத்திருப்பாங்க'ன்னா. ஒரு வார்த்தை. மூணு ஆஸ்பத்திரியில கேட்டும் நான் சொல்லாத ஒரு வார்த்தை. பகவதி, உன்னைக் கொன்னது நான்தானாட்டி?

பாட்டில்ல கால்வாசி இருக்கு. கை இழுக்கிறது முந்தாநாள் நின்னுட்டு, நேத்து நல்லா உறங்கினா, அது மருந்து கேக்கிறதா இல்லை அசதியான்னு யாருக்குத் தெரியும். கதவைத் தள்ளிக்கிட்டு நயினார் பிளாஸ்கோட வாராரு. அஞ்சு நாளா என்கிட்ட அவரு பேசினது ரெண்டே வார்த்தைதான், 'மைனி, காபி.' இன்னைக்கும் அதைத்தான் சொல்லி ஊத்திக் கொடுத்தாரு. வாங்கிக் கீழ வச்சேன். இதுக்கு மேல தாங்காது எனக்கு.

"மாப்பிள்ளை, என்னைச் செருப்பால அடிச்சிருங்க. இப்படிப் பேசாம மட்டும் இருக்காதீங்க."

அவரு கட்டில் காலடியில ஸ்டூலைப் போட்டு உக்காந்தாரு. சட்டைப் பையில அந்தப் பாரம் வெளிய தலையை நீட்டிக்கிட்டு இருக்கு. அவ கால்ல போர்வையை இழுத்து விட்டாரு.

"உங்களை என்னத்துக்கு அடிக்கணும் மைனி? எனக்குத் தெரியும்."

"என்னது தெரியும்?"

"தைராய்டு. கல்யாணம் ஆன மொத வருஷமே தெரியும். உளுந்து டப்பாவை நான் ஒரு நாள் தொறக்கவே மாட்டேன்னு நெனைச்சீங்களா? பேரைக் குறிச்சுக்கிட்டுப் போயி மருந்துக்கடையில கேட்டேன். இன்ன சீக்குக்குன்னு சொன்னான்."

"அப்ப கோவிலு?"

"எந்தக் கோவில்ல மைனி பெட்டிக்கடை விபூதி கொடுக்கான்? கலர் தாள் சுத்தி, கம்பெனி பேரு போட்டு?" சிரிக்க வந்தாரு, பாதியில நின்னுட்டு. "அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன். கேட்டா கூசிப் போயிருவான்னு இருந்தேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்... அப்புறம் எப்படிக் கேக்க? அம்மா பிள்ளை இல்லைன்னு அவளைப் பேசின நாளெல்லாம், எனக்குத் தெரியும்ட்டி, நீ அழாதன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். சொல்ல மாட்டேன். சரி, அது போகட்டும். மூணு ஆஸ்பத்திரியிலயும் என்னைத்தான கேட்டான்? உங்களையா கேட்டான்? வேற மாத்திரை உண்டான்னு. அவ முப்பத்தாறு வருஷம் மறைச்சதை நான் எப்படி அவ முன்னால வச்சுச் சொல்லன்னு, இல்லைன்னேன். இந்தப் பிள்ளை கழுத்துல கையை வச்சுக்கிட்டுக் கேக்கா, அப்பவும் இல்லைன்னேன் மைனி. நீங்க சொன்னீங்க. நான் கடைசி வரைக்கும் சொல்லலை."

அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதாரு. அறுபத்தாறு வயசு ஆம்பளை அழுறதை அத்தனை பக்கத்துல நான் பாத்ததில்லை. அடப் பாவிகளா, மூணு பேரு, ஒரே ரகசியம், ஆளுக்கு ஒரு மூலையில பிடிச்சுக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமக் காவல் காத்திருக்கோம். அவரு வண்டியில கொண்டு விட்டு தனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வரச் சொன்னதெல்லாம் தெரிஞ்சேதானா. பொய் விபூதியைப் பொய்னு தெரிஞ்சேதான் நெத்தி நெறையப் பூசினாரா. எனக்கு ஆத்திரமா வந்தது, அவரைக் கட்டிக்கிட்டு அழணும் போலவும் வந்தது. ஒண்ணும் செய்யாம, ஆறின காபியை எடுத்துக் கையில வச்சுக்கிட்டேன். பகவதி அசைஞ்சு படுத்தா. இமைக்குள்ள கண்ணு ஓடுது. உறக்கம்தான்னு நெனைச்சேன்.

பாட்டில் காலியாகி, நர்ஸ் பிள்ளை ஊசியைக் கழட்டிட்டுப் போன கொஞ்ச நேரத்துல ஹெப்சிபா வந்துட்டா. நயினார் அவசர அவசரமா மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு. கேக்காத தாயி, இன்னும் ஒரு நாள் கழிச்சுக் கேளுன்னு கையெடுத்துக் கும்பிடலாமான்னு இருந்தது. அவ கட்டில் ஓரத்துல உக்காந்து, பகவதி கையைப் பிடிச்சா.

"டீச்சர், இது என்ன ஊரு?"

பகவதி கண்ணைத் தொறந்தா. மேல சுத்துற பேனைப் பாத்தா.

"பாளையங்கோட்டை."

குரல் கரகரன்னு வந்தது. நயினார் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாரு. ஹெப்சிபா மூஞ்சியில ஒண்ணையும் காட்டலை.

"என்ன மாசம்?"

"தெரியலை..." நெத்தியைச் சுருக்கினா. "பொங்கல் போயிட்டா? யாரும் கரும்பு வாங்கலையா?"

"வாங்கிருவோம். இந்தா நிக்கிறாங்களே, இவங்க யாரு?"

என்னைப் பாத்தா. மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. டீச்சர்னு சொல்லப் போறான்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஊரைச் சொல்லிட்டாளே, அது போதும், என்னை மறந்தா மறந்துட்டுப் போறா, அவரை மட்டும் தெரிஞ்சாப் போதும் முருகான்னு வேண்டிக்கிட்டு நிக்கேன்.

"இவகிட்ட நான் பேச மாட்டேன்."

"ஏன் டீச்சர்? யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? எங்க அக்கா. ஆவுடை. அவுககிட்ட சொல்லிட்டா டாக்டர். இங்கன உக்காந்து ரெண்டு பேரும் பேசினதை நான் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்." மூச்சு வாங்குது அவளுக்கு, ஆனாலும் நிப்பாட்டலை. நயினார் பக்கம் திரும்பினா. "நீங்களும் என்கிட்ட பேச வேண்டாம். மொத வருஷமே தெரியுமாமே. தெரிஞ்சுக்கிட்டே எத்தனை நாள் காலையில என்னை அடுப்படிக்குள்ள திருடி மாதிரி நிக்க விட்டிருக்கீங்க? ரெண்டு பேரும் வெளிய போங்க."

சொல்லிட்டு, சுவத்தைப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கிட்டா. யாரும் பிடிக்கலை, தாங்கலை, தானாத் திரும்பினா. ஹெப்சிபா கண்ணாடியைக் கழட்டித் துடைக்கா. நயினார் ஸ்டூல்ல உக்காந்து, எங்க கையை வைக்கன்னு தெரியாம, மாறி மாறி மடியில வச்சுக்கிட்டு இருக்காரு. 'பேசாட்டிப் பேசாமப் போட்டி'ன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், அழுகைதான் வந்தது, முந்தியை வாயில வச்சு அடைச்சும் நிக்கலை.

"அழுதா ஆச்சாக்கும்"னா அவ, சுவத்தைப் பாத்துக்கிட்டே.